உதவி: இன்சூரன்ஸ் கார்டு கையில் இருக்கிறது, ஆனால் செல்லாது என்கிறார்கள் (டோக்கியோ)

நிஷிகசாய்_தம்பி | மே 3, இரவு 10:42
அவசரம். இன்று மதியம் பூங்காவில் ஊஞ்சலில் இருந்து மகள் விழுந்து மணிக்கட்டில் விரிசல். விடுமுறை நாள் என்பதால் தேடித் தேடி ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், கட்டுப் போட்டார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் பணம் கட்டும் இடத்தில் இன்சூரன்ஸ் செல்லாது என்று சொல்லி ஜூவாரி, அதாவது முழுப் பணம் 24,310 யென் வாங்கிவிட்டார்கள். பழைய கார்டும் கையில் இருக்கிறது, மைனா கார்டும், அதாவது இன்சூரன்ஸ் கார்டாகவும் பயன்படும் அரசு அடையாள எண் அட்டையும், இருக்கிறது. குழந்தைக்கு வார்டு கொடுத்த இலவச மருத்துவ அட்டையையும் நீட்டினேன், அதுவும் ஆகாதாம். இதுவரை ஒரு யென் கட்டியதில்லை. என்ன செய்யலாம்? பணம் திரும்பக் கிடைக்குமா?
அப்படியே இன்னொன்று: ஜூனில் அம்மா வருகிறார். அவரையும் என் இன்சூரன்சில் சேர்க்க முடியுமா?

ரயில்_பைத்தியம் | மே 3, இரவு 10:58
முதலில் குழந்தை எப்படி இருக்கிறாள்? எந்த இன்சூரன்ஸ்? கம்பெனி வழி ஷகாய் ஹோகெனா, குயாகுஷோவில், அதாவது வார்டு அலுவலகத்தில், எடுத்த கொகுஹோவா? அது தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

சைதாமா_சாம்பார் | மே 3, இரவு 11:05
எனக்குத் தெரியும் இது. விசா புதுப்பித்தீர்களா? நம்மைப் போன்றவர்களுக்கு மைனா கார்டின் ஆயுள் விசா தேதியோடு முடிந்துவிடும். புதிய ஸைரியு கார்டு (தங்கும் அனுமதி அட்டை) வந்ததும் குயாகுஷோ போய் மைனாவையும் நீட்டிக்க வேண்டும். நான் மறந்துபோய் அலைந்திருக்கிறேன். 100 சதவீதம் இதுதான்.

கவாசாகி_காப்பி | மே 3, இரவு 11:11
வெளிநாட்டுக்காரன் என்றால் முதலில் முழுப் பணம் கேட்டுப் பார்ப்பார்கள். பழகிக்கொள்ளுங்கள்.

ஒசாகா_அக்கா | மே 3, இரவு 11:20
காப்பி, அப்படி எல்லாம் இல்லை. அந்தக் கார்டு படிக்கும் இயந்திரத்துக்கு நீ எந்த ஊர்க்காரன் என்று தெரியாது. மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் விசா இருந்தால் இரண்டில் ஒரு இன்சூரன்சில் இருந்தே ஆக வேண்டும். அதில் இருக்கிறவனுக்கு ஜப்பான்காரனுக்கு உள்ள அத்தனையும் உண்டு. பெரியவர்கள் 30 சதவீதம் கட்ட வேண்டும், பள்ளி சேராத குழந்தைக்கு 20. டோக்கியோவில் அந்த 20-ஐயும் வார்டு ஏற்றுக்கொள்வதால்தான் தம்பி இதுவரை காசே கட்டவில்லை.
சாம்பார், மைனா காலாவதியானால் கார்டு வேலை செய்யாது, இன்சூரன்ஸ் போகாது. இரண்டும் வேறு.
தம்பி, திரையில் என்ன வந்தது? "ஷிகாகு நாஷி", அதாவது இன்சூரன்ஸ் தகுதி இல்லை, என்றார்களா? சமீபத்தில் வேலை மாறினாயா?

பழைய_டோக்கியோவாசி | மே 4, காலை 7:02
மாதம் ஒருமுறை இதே கேள்வி, அதே அரைகுறைத் தகவல். நாங்கள் வந்த காலத்தில் அகராதியும் கையுமாக வரிசையில் நின்று கற்றுக்கொண்டோம். இப்போது எல்லாவற்றையும் ஊட்டிவிட வேண்டியிருக்கிறது. குயாகுஷோ கொடுத்த கையேட்டை ஒருமுறையாவது பிரித்துப் பார்த்தீர்களா?

நிஷிகசாய்_தம்பி | மே 4, காலை 8:15
மகள் நன்றாக இருக்கிறாள். கைக்கட்டின் மேல் பூனைப் படம் வரையச் சொல்லி ஒரே அடம்.
அக்கா, ஆமாம், ஷிகாகு என்று ஏதோ சொன்னார்கள். வேலை மாறுகிறேன்தான், ஆனால் அதற்கும் இதற்கும் என்ன? ஏப்ரல் 20 பழைய கம்பெனியில் கடைசி நாள். புதியதில் 7ஆம் தேதி சேர்கிறேன். நடுவில் 16 நாள்தானே. ஏப்ரல் சம்பளத்தில் இன்சூரன்ஸ் பணம் பிடித்துவிட்டார்களே!

ரயில்_பைத்தியம் | மே 4, காலை 8:21
இதை அல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

ஒசாகா_அக்கா | மே 4, காலை 8:50
சரி, விஷயம் புரிந்துவிட்டது. ஷகாய் ஹோகென் வேலையை விட்ட மறுநாளே போய்விடும். ஏப்ரல் 21 முதல் உனக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் எதுவும் இல்லை. கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக், அதைப் பழைய கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். வார்டு அட்டை இன்சூரன்சின் மேல் உட்கார்ந்திருப்பது, கீழே இன்சூரன்ஸ் இல்லை என்றால் அதுவும் விழும்.
ஏப்ரல் சம்பளத்தில் பிடித்தது பெரும்பாலும் மார்ச் மாதத்துக்கானது. மாதக் கடைசி நாளில் நீ எதில் இருக்கிறாயோ அதற்குத்தான் அந்த மாதப் பணம்.
பதறாதே, வழி இருக்கிறது. இழந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் குயாகுஷோவில் கொகுஹோ சேர வேண்டும். அந்தக் கணக்கு இந்தத் தொடர் விடுமுறைக்குள்ளேயே முடிகிறது. அதனால் 7ஆம் தேதி கதவு திறந்ததும் மனைவியை அனுப்பு, நீ புது வேலைக்குப் போ. எத்தனை நாள் கழித்துப் போனாலும் ஏப்ரல் 21-இலிருந்துதான் பணம் கட்ட வேண்டும், ஆனால் தாமதித்தால் நடுவில் ஆன வைத்தியச் செலவைத் தர மாட்டேன் என்று சொல்லிவிடலாம்.
கொண்டுபோக வேண்டியது: பழைய கம்பெனி தரும் ஷிகாகு சோஷிட்சு ஷோமெய்ஷோ (பழைய இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது என்ற சான்று), எல்லோருடைய ஸைரியு கார்டு, மைனா எண். அந்தச் சான்று இன்னும் வரவில்லை என்றால் இன்றே எச்.ஆருக்கு மெயில் போடு.

யோகோஹாமா_வாசி | மே 4, காலை 9:34
கொகுஹோ எதற்கு? நின்இ கெய்ஸோகு என்று ஒன்று இருக்கிறது. பழைய இன்சூரன்சையே தொடரலாம், 20 நாளுக்குள் விண்ணப்பம். கம்பெனி கட்டிய பாதியையும் நாமே கட்ட வேண்டும், அவ்வளவுதான். மனைவி, குழந்தைக்குத் தனியாக எதுவும் இல்லை.

பழைய_டோக்கியோவாசி | மே 4, காலை 10:10
தேவையில்லாத சுற்று. கொகுஹோவில் ஒருவர் பணம் கட்டினால் குடும்பம் முழுதும் சேர்ந்துவிடும். இது அடிப்படை.

யோகோஹாமா_வாசி | மே 4, காலை 10:26
மன்னிக்கணும் ஐயா, அது ஷகாய் ஹோகென். கொகுஹோவில் சார்ந்தவர் என்ற பேச்சே கிடையாது, தலைக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் விழும். பள்ளி சேராத குழந்தைக்கு அந்தத் தலைவரியில் பாதி, அதுவும் 2022 ஏப்ரலில் இருந்துதான். மேலே போன வருட வருமானத்தைப் பார்த்து இன்னொரு தொகை. மூன்று பேர், நல்ல சம்பளம் என்றால் நின்இ மலிவாக வரலாம்.

பழைய_டோக்கியோவாசி | மே 4, காலை 11:03
நான் சொன்னது விண்ணப்பத்தைப் பற்றி. குடும்பத்துக்கே ஒரே விண்ணப்பம்.

கவாசாகி_காப்பி | மே 4, காலை 11:05
கையேட்டின் எத்தனையாவது பக்கம் ஐயா?

ஒசாகா_அக்கா | மே 4, மதியம் 12:30
சண்டை போதும். இவருக்கு எப்படியும் ஒரே ஒரு மாதக் கட்டணம்தான், ஏப்ரலுக்கு. மே கடைசியில் புது கம்பெனியில் இருப்பார். நின்இ தபாலில் போய் வர நாளாகும், கொகுஹோ அன்றைக்கே பதிவாகும். இங்கே அவசரம் எதற்கு என்றால், இந்த மாதம் முடிவதற்குள் இன்சூரன்ஸ் தாளோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் பல இடங்களில் அங்கேயே பணத்தைத் திருப்பிவிடுவார்கள். மாதம் தாண்டினால் ரசீதும் ரெசெப்து (சிகிச்சைக் கட்டண விவரத் தாள்) நகலும் வாங்கி நீயே குயாகுஷோவில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இரண்டு வருடம் வரை நேரம் உண்டு, ஆனால் தாள் வேலை.
ரசீதைப் பார், புள்ளி 2,431 என்று இருக்கிறதா? வைத்தியச் செலவை இங்கே புள்ளியில்தான் கணக்கிடுவார்கள், ஒரு புள்ளி 10 யென். இருந்தால் உன்னிடம் நியாயமாகத்தான் வாங்கியிருக்கிறார்கள். இன்சூரன்ஸ் இல்லாதவரிடம் புள்ளிக்கு 15, 20 யென் கணக்குப் போடும் இடங்களும் உண்டு.

சைதாமா_சாம்பார் | மே 4, மதியம் 1:15
அம்மா கேள்வியை யாரும் தொடவில்லையே. தாராளமாகச் சேர்க்கலாம். என் நண்பர் ஊரில் இருந்த அப்பாவையே சேர்த்திருந்தார், மாதாமாதம் பணம் அனுப்பிய ரசீதைக் காட்டி.

யோகோஹாமா_வாசி | மே 4, மதியம் 1:40
எந்த வருடம்?

சைதாமா_சாம்பார் | மே 4, மதியம் 1:52
2017 இருக்கும்.

யோகோஹாமா_வாசி | மே 4, மதியம் 2:08
அதுதான். 2020 ஏப்ரலில் கதவைச் சாத்திவிட்டார்கள். சார்ந்தவர் ஜப்பானில் குடியிருக்க வேண்டும், அதாவது ஜூமின்ஹ்யோ எனும் குடியிருப்புப் பதிவில் பெயர் இருக்க வேண்டும். 90 நாள் விசாவில் வருபவருக்கு அது கிடையாது, கொகுஹோவும் கிடையாது. உயர்திறன் விசாக்காரர்கள் மட்டும் ஏழு வயதுக்குள் குழந்தையும் வருட வருமானம் 80 லட்சம் யென்னும் இருந்தால் பெற்றோரை நீண்ட நாள் தங்கவைக்கலாம். அப்போது இன்சூரன்சில் சேர்க்க வழி உண்டு.

ஒசாகா_அக்கா | மே 4, மதியம் 2:30
அம்மாவுக்கு ஊரிலேயே பயணக் காப்பீடு எடுத்துவிட்டு விமானம் ஏற்று. சர்க்கரை, பிரஷர் மாதிரி ஏற்கெனவே இருப்பது பெரும்பாலும் அதில் சேராது, படித்துப் பார்த்து எடு. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை ஒரு மாத அளவு வரை அப்படியே கொண்டுவரலாம். மூன்று மாதத்துக்கு என்றால் யுன்யு ககுனின்ஷோ எனும் இறக்குமதி அனுமதித் தாளை முன்னாலேயே வாங்க வேண்டும். என் மாமியார் மாத்திரை டப்பாவை ஊறுகாய்க்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார், அந்தக் கதை வேண்டாம்.

ரயில்_பைத்தியம் | மே 4, மதியம் 2:41
ஊறுகாய் உள்ளே வந்ததா?

ஒசாகா_அக்கா | மே 4, மதியம் 2:44
வந்தது. மூடிதான் வரவில்லை.

பழைய_டோக்கியோவாசி | மே 6, காலை 6:55
கேட்டவரைக் காணவில்லை. வழக்கம்போல.

நிஷிகசாய்_தம்பி | மே 23, இரவு 9:17
எல்லோருக்கும் நன்றி, புது வேலையில் மூச்சு விட நேரமில்லை. 7ஆம் தேதி மனைவி போய் முடித்தாள், சோஷிட்சு தாளுக்குப் பழைய கம்பெனியை இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் 24,310 யென்னையும் எண்ணிக் கொடுத்தார்கள். அக்கா, புள்ளி 2,431தான். கொகுஹோ பில் ஜூனில் வருமாம். நாளைக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள், பூனைப் படம் போட்ட அந்தத் துண்டை வீட்டுக்குத் தருவார்களா என்பதுதான் இப்போது வீட்டில் பிரச்சினை.