புதுப்பிப்பு: ஓட்டல் சுவரில் நான் வரைந்த ஓவியம்

ஓட்டல் சுவருக்கு நான் வரைந்த ஓவியத்தைக் கேட்காமல், என் பெயரும் போடாமல் துணிப்பையில் அச்சடித்துவிட்டார்கள் என்று போன வாரம் புலம்பியிருந்தேன். வக்கீலைப் பார்த்தேன். முதல் அடி எனக்குத்தான்: காசுக்கு வரைந்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே பதிப்புரிமைக்காரர். 1957 சட்டம், பிரிவு 17. என்னிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் ஒரு 'ஓகே' மட்டும்.

ஆனால் பிரிவு 57 இருக்கிறது. பதிப்புரிமை யாரிடம் போனாலும், 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை ஓவியரிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதைந்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்துக்காக, சிற்பி அமர்நாத் சேகலுக்கு 2005-ல் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கிடைத்தது இந்தப் பிரிவால்தான். (வழக்குப் போட்டது 1992-ல்!)

சரி, நோட்டீஸ் அனுப்பினோம். அடுத்த அச்சில் பெயர் போடுகிறார்களாம். பணம் கிடையாது. மிச்சமிருக்கும் பைகளில் ஸ்டிக்கராவது ஒட்டச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.