ஆகஸ்ட் 15: கொடி உச்சியில் சிக்காமல் விரிய எப்படிக் கட்டுவது?

வேளச்சேரிவாசி:
எங்கள் குடியிருப்பில் கொடி உச்சிக்குப் போனதும் முடிச்சு அவிழ மறுக்கிறது. பூ வைத்துக் கட்டும் சரியான முறை என்ன? மேலேயே கட்டிவைத்து விரிக்கலாமா?

கப்பிக்கயிறு:
சிக்கல் முடிச்சில்தான். இரட்டை முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். முதலில் காவிப் பக்கம் மேல்முனையில் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கொடியை நீளவாக்கில் மடித்துச் சுருட்டி, உள்ளே ஒரு கைப்பிடி உதிரிப்பூ மட்டும் வையுங்கள். அதிகமானால் பொட்டலம் பருத்துச் சுற்று இறுகிவிடும். கீழ்க்கயிற்றால் இரண்டு சுற்று சுற்றி, கயிற்றை மடித்து அந்த மடிப்பை மட்டும் சுற்றுக்குள் செருகுங்கள், நுனியை அல்ல. சுண்டினால் உருவிக்கொண்டு வரும். தரையிலேயே ஒருமுறை சுண்டிப் பார்த்துவிடுங்கள். முதல்நாளே கட்டாதீர்கள், ஆகஸ்ட் இரவு மழையில் நூல்கயிறு உப்பி முடிச்சைக் கவ்விக்கொள்ளும். நைலான் நல்லது.

கோட்டைப்பக்கம்:
சுதந்திர தினத்தில் கீழிருந்து ஏற்றுவதே மரபு. உச்சியில் கட்டி விரிப்பது ஜனவரி 26-க்கு. பூ வைக்கக் கொடி விதிகளே இடம் தருகின்றன. பிள்ளைகளிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநர்தான் ஏற்றிவந்தார், முதல்வர்களுக்கு அந்த உரிமையை 1974-இல் கேட்டுப் பெற்றவர் கலைஞர். 1947-இல் அங்கே பறந்த கொடி கோட்டை அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது, அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

மாடிவீடு:
ஓரம் கிழிந்த கொடியை ஏற்றவே கூடாது. குப்பையிலும் போடாதீர்கள், தனியாக, மரியாதையோடு எரித்துவிடலாம். 2022 திருத்தத்துக்குப் பிறகு வீடுகளில் இரவிலும் பறக்கவிடலாம்.