டாப் கியர் எப்போ சரிய ஆரம்பிச்சுது? எனக்கென்னவோ 2015க்கு ரொம்ப முன்னாடியேன்னு தோணுது

ராத்திரி_டிரைவ்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கறத கேட்டுடறேன். பிபிசியோட கார் டிவி ஷோ டாப் கியர் பத்தி யார்கிட்ட பேசினாலும் ஒரே பதில்தான் வருது, 2015 மார்ச்ல தொகுப்பாளர் கிளார்க்சன் ஒரு ப்ரொட்யூசர கை நீட்டின பிரச்சனையில வெளிய போனாரு, கூட தொகுத்த ஹேமண்டும் ஜேம்ஸ் மேயும் பின்னாடியே போயிட்டாங்க, அதோட ஷோ காலின்னு. எனக்கு அப்படி தோணல. அந்த மூணு பேரும் இருக்கும்போதே, ஒரு 2009, 2010 வாக்குலயே தரம் இறங்கிடுச்சு.

ஏன் சொல்றேன்னா, 2003ல வந்த டொயோட்டா ஹைலக்ஸ் எபிசோட ஞாபகப்படுத்திப் பாருங்க. 1988 மாடல் பழைய டீசல் பிக்கப். பிரிஸ்டல்ல படிக்கட்டுல இறக்கி, மரத்துல இடிச்சு, அப்புறம் கடலோரத்துல கயிறு போட்டு கட்டி விட்டாங்க, அலை ஏறினதும் கட்டி வெச்சத மீறி வண்டிய இழுத்துட்டு போயிடுச்சு, தண்ணி வடிஞ்சப்புறம் பாத்தா மணல்ல புதைஞ்சு கிடக்கு. மெக்கானிக்குக்கு ஒரே கண்டிஷன்தான், புதுசா ஸ்பேர் எதுவும் போடக்கூடாது, கைல இருக்கற சாதாரண டூல்ஸ வெச்சு சரி பண்ணணும். பண்ணாரு, ஓடுச்சு. அடுத்த ரவுண்டுல இரும்புக் குண்டால அடிச்சு, தீ வெச்சு, கடைசில 240 அடி உயர அபார்ட்மெண்ட் கட்டடத்து மேல நிறுத்தி கட்டடத்தையே வெடி வெச்சு இடிச்சாங்க, அதுக்கப்புறமும் இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சு. அது ஸ்டார்ட் ஆகுமா ஆகாதான்னு அங்க நின்ன ஒருத்தருக்கும் தெரியாது, அது மூஞ்சிலயே தெரியும். பார்க்கற நமக்கும் வயித்த கலக்கும்.

அதே டீம் 2011 டிசம்பர்ல இந்தியா ஸ்பெஷல்னு ஒண்ணு போட்டாங்க. ரயில் பெட்டி மேல ஒரு பேனர ஒட்டுவாங்க, பெட்டி பிரிஞ்சதும் பேனர் ரெண்டா கிழிஞ்சு மிச்சம் இருக்கற எழுத்து கெட்ட வார்த்தையா நிக்கும். எழுதும்போதே இது இப்படித்தான் முடியும்னு பார்க்கறவங்களுக்கு தெரிஞ்சுடுது. ஜாகுவார் எக்ஸ்ஜேஎஸ், ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ, ஒரு பழைய மினி, இந்த மூணையும் மும்பைல இருந்து இமயமலை வரைக்கும் கொண்டு போறாங்க, நம்ம ரோட்டுல அந்த வண்டிங்க என்ன பாடு படும்னு காட்டினாலே போதும், ஒன்றரை மணி நேரம் அசையாம பார்த்திருப்போம். அத விட்டுட்டு கக்கூஸ் ஜோக். இந்திய ஹை கமிஷன் புகார் குடுத்தது தனி கதை, எனக்கு கோவம் வந்தது காரணம் வேற. வண்டிய நம்பாம ஸ்க்ரிப்ட நம்ப ஆரம்பிச்சுட்டாங்க.

உங்களுக்கு எந்த இடத்துல விட்டுப் போச்சு? சொல்லுங்க.

டீசல்_மாமா:

தம்பி, நீ சொல்றதுல பாதிய ஒத்துக்கறேன். ஆனா மூணு பேர் இருந்தப்போ மோசமான எபிசோட் கூட பார்க்கற மாதிரி இருந்துச்சு, ஒருத்தர ஒருத்தர் கலாய்ச்சுக்கற அந்த கூட்டாளித்தனம் சொல்லிக் குடுத்து வர்றது இல்ல. 2016ல கிளார்க்சன் இடத்துக்கு கிறிஸ் எவன்ஸ் வந்தப்போ என்ன ஆச்சு? வண்டிய டெஸ்ட் பண்ற அதே டன்ஸ்ஃபோல்ட் ட்ராக், ஹெல்மெட்டே கழட்டாம ஓட்டற டிரைவர் அதே ஸ்டிக், எல்லாத்தையும் அப்படியே வெச்சுக்கிட்டு ஆள மட்டும் மாத்தினாங்க, அவர் மூச்சு விடாம கத்திக்கிட்டே இருந்தாரு. முதல் எபிசோட பார்த்தது 44 லட்சம் பேர், அந்த சீசன் கடைசி எபிசோட பார்த்தது 19 லட்சம். மறுநாளே ராஜினாமா. சரிவுன்னா அதுதான் சரிவு.

இன்னொண்ணு, எல்லாமே ஸ்க்ரிப்ட்னு சொல்லாத. 2014 படகோனியா ஸ்பெஷல்ல போர்ஷே 928ல இருந்த நம்பர் ப்ளேட் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதின ஃபாக்லாண்ட் போர குத்திக் காட்டுதுன்னு அர்ஜென்டினால கூட்டம் கூடி கல்லெறிஞ்சாங்க, வண்டிங்கள நடு ரோட்டுல போட்டுட்டு டீம் சிலி பார்டருக்கு ஓடுச்சு. அத யாரு எழுதி வெச்சு நடிப்பாங்க?

கோவை_ஸ்பேனர்:

நான் வண்டி வேலை பாக்கறவன், அதனால எனக்கு எங்க விட்டுப் போச்சுன்னு கரெக்டா சொல்ல முடியும். 2010ல வந்த ரிலையண்ட் ராபின் எபிசோட். முன்னாடி ஒரே வீல், பின்னாடி ரெண்டு. கிளார்க்சன் ஷெஃபீல்ட் பக்கம் ஓட்டிட்டு போறாரு, ஒவ்வொரு திருப்பத்துலயும் தொபுக்குன்னு கவுந்துடும், ரோட்டுல போறவங்க வந்து தூக்கி விடுவாங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்கு அப்பவே உறுத்துச்சுங்க. முன்னாடி ஒத்த வீல் வெச்ச வண்டி வேகமா திருப்பினா கவுறும், அது உண்மைதான், ஆனா மெதுவா போயி திருப்பினதுக்கெல்லாம் அப்படி கவுந்தா அந்த வண்டிய எத்தனையோ வருஷம் ஜனங்க வாங்கி ஓட்டியிருப்பாங்களா? அப்புறம் 2016ல கிளார்க்சனே பேப்பர்ல எழுதிட்டாரு, வீலுக்கு பவர பிரிச்சுக் குடுக்கற டிஃபரென்ஷியல்ல கை வெச்சுத்தான் அப்படி கவுற வெச்சோம்னு.

காமெடி பண்ணட்டுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா ஒரு வண்டி இப்படித்தான்னு நம்மகிட்ட காட்டறப்போ அதுல பொய் இருக்கக்கூடாது. 2006ல கோனிக்செக் சிசிஎக்ஸ்ங்கற சூப்பர் கார ஸ்டிக் ஓட்டி ட்ராக்க விட்டு வெளிய போயிட்டாரு, பின்னாடி ஒரு விங் வேணும்னு சொன்னாங்க, கம்பெனிக்காரங்க விங் மாட்டி திருப்பி கொண்டு வந்தாங்க, ஒரு ரவுண்டு 1 நிமிஷம் 17.6 செகண்ட், அன்னிக்கு ஷோவோட லேப் டைம் லிஸ்ட்ல முதல் இடம். காமெடிக்கு நடுவுல இந்த மாதிரி நிஜமான வேலையும் நடந்துச்சு. அது குறைய குறைய எனக்கு ஆர்வமும் போயிடுச்சு.

நூர்பர்க்_பைத்தியம்:

மாமா, எவன்ஸ் பத்தி நீங்க சொன்னது சரி, ஆனா அவருக்கு அப்புறம் வந்தவங்கள ஒரு வார்த்தை கூட சொல்லாம விட்டது நியாயமே இல்ல. கிறிஸ் ஹாரிஸ் மாதிரி ஓட்டத் தெரிஞ்சு, ஓட்டிக்கிட்டே ஸ்டியரிங்ல கை என்ன உணருதுன்னு தெளிவா சொல்லவும் தெரிஞ்ச ஆள் அந்த ஷோல முன்னாடி யாரும் இல்ல. மேட் லெப்ளாங்க், ரோரி ரீட், ஹாரிஸ் மூணு பேரும் சேர்ந்த 2017, 2018 சீசன்கள உட்கார்ந்து பாருங்க, வண்டி மேல உண்மையான அக்கறை தெரியும். ஜனங்க கிளார்க்சன் இல்லைங்கற ஒரே காரணத்துக்காக பார்க்கவே இல்ல, எனக்கு அது இன்னும் வருத்தம்.

ஆனா ராத்திரி_டிரைவ் சொன்ன பாயிண்ட் எனக்கு பிடிச்சிருக்கு. ஜெர்மன் ரேஸர் சபீன் ஷ்மிட்ஸ் அவங்க ஊரு ரேஸ் ட்ராக் நூர்பர்க்ரிங்ல ஃபோர்ட் ட்ரான்ஸிட் வேன் ஓட்டினத பார்த்திருக்கீங்களா? டீசல் ஜாகுவார்ல கிளார்க்சன் 9 நிமிஷம் 59 செகண்ட்ல முடிச்சத அவங்க வேன்லயே முறியடிக்கறேன்னு கிளம்பினாங்க. எடை குறையட்டும்னு தேவையில்லாதத எல்லாம் கழட்டிப் போட்டு, பைக்காரங்கள எல்லாம் திட்டிக்கிட்டே ஓவர்டேக் பண்ணி, கடைசில 10 நிமிஷம் 8 செகண்ட். தோத்துட்டாங்க, அப்படியே ஒளிபரப்பினாங்க, அதனாலதான் இன்னிக்கும் அது மனசுல நிக்குது. பின்னாடி வந்த டாப் கியரா இருந்திருந்தா ஜெயிக்கற மாதிரி எடிட் பண்ணியிருப்பாங்களோன்னு சந்தேகம் வருது பாருங்க, அந்த சந்தேகம் வந்ததுதான் பிரச்சனையே. சபீன் 2021ல இறந்துட்டாங்க, அவங்க இடத்த நிரப்ப ஆளே இல்ல.

மஞ்ச_ஜெர்சி:

நான் பின்னாடி தொகுப்பாளரா வந்த கிரிக்கெட்டர் ஃபிளின்டாஃப்காக பார்க்க ஆரம்பிச்சவன், 2009ல சிஎஸ்கேக்கு வந்தாரே அந்த பாசம். அதனால என் பதில் வேற மாதிரி இருக்கும்.

2006ல ஹேமண்ட் எல்விங்டன் விமானதளத்துல ஜெட் கார்ல கிட்டத்தட்ட 460 கிமீ வேகத்துல போகும்போது முன் டயர் வெடிச்சு உயிர் பிழைச்சதே பெரிய விஷயம். அதே எல்விங்டன்ல 2019ல ஃபிளின்டாஃப் மூணு சக்கர வண்டில 200 கிமீ வேகத்துல ரன்வேய விட்டு வெளிய போனாரு, நல்லவேளை அடி படல. அதோட நிறுத்தினாங்களா? 2022 டிசம்பர்ல டன்ஸ்ஃபோல்ட்ல மார்கன் சூப்பர் 3, அதுவும் மூணு சக்கரம், மேல மூடியே கிடையாது, ஹெல்மெட்டும் இல்ல, கவுந்து முகமே கிழிஞ்சு போச்சு. ஹாரிஸ் இப்படி ஏதாவது நடக்கும்னு பிபிசிகிட்ட முன்னாடியே எச்சரிச்சேன்னு அப்புறம் சொன்னாரு. 2023 நவம்பர்ல ஷோவ நிறுத்தி வெச்சுட்டாங்க. ஃபிளின்டாஃப் கிரிக்கெட்டர், பயப்படாம எதுலயும் குதிக்கற சுபாவம், அணை மேல இருந்து கார்ல பஞ்சி ஜம்ப் பண்ணுன்னா பண்ணுவாரு. அந்த சுபாவத்த வெச்சே ஷோ ஓட்டினாங்க. சொல்ல விஷயம் தீர்ந்து போனப்புறம் ஆள பணயம் வெச்சாங்கன்னுதான் எனக்கு படுது, இத மன்னிக்கவே முடியல.

ராத்திரி_டிரைவ்:

எல்லாருக்கும் நன்றி. மஞ்ச_ஜெர்சி, நீங்க சொன்ன கோணத்துல நான் யோசிச்சதே இல்ல, ஆனா ஒரே நூல்தான்னு தோணுது, வண்டியால வர்ற சஸ்பென்ஸ் குறைஞ்சுது, அத சரிக்கட்ட முதல்ல ஸ்க்ரிப்ட போட்டாங்க, அதுவும் புளிச்சப்புறம் ஸ்டண்ட். மாமா, படகோனியா உண்மைதான், ஆனா அங்க நிஜமா நடந்தது எல்லாமே அவங்க ப்ளான் பண்ணாதது, அதான் இத்தனை வருஷம் கழிச்சும் அதப் பத்தி பேசறோம். 2009 கடைசியிலயே ப்ரொட்யூசர் ஆண்டி வில்மன், நாங்க ஆரம்பத்த விட முடிவுக்குத்தான் பக்கத்துல இருக்கோம்ங்கற மாதிரி எழுதினாரு. உள்ள இருந்தவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

ஹாரிஸ் சீசன் ரெண்டையும் இந்த வாரம் முழுசா பார்க்கறேன். பார்க்காம பேசறது தப்பு.

டீசல்_மாமா:

பாரு தம்பி. முடிச்சதும் 2007 போட்ஸ்வானாவ ஒரு தடவ போட்டுப் பாரு, உப்புப் பாலைவனத்துல வண்டி புதைய புதைய கிளார்க்சனும் மேயும் கதவு, பானட்டுன்னு ஒவ்வொண்ணா கழட்டிப் போட்டுட்டு போவாங்க. ஹேமண்ட் தன்னோட ஓப்பல் கடெட்டுக்கு ஆலிவர்னு பேர் வெச்சு ஒரு போல்ட் கூட கழட்ட மாட்டேன்னு நிப்பாரு, அது ஆத்துல முங்கினதும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரி பண்ணுவாரு. ரெண்டையும் பார்த்துட்டு இங்கயே வந்து எழுது, பேசுவோம்.