லாபம் இருந்தும் பணம் இல்லை: மாணவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

வணக்கம். கல்லூரி இறுதியாண்டு மாணவர்களுக்கு வணிக அடிப்படைகளைச் சொல்லிக்கொடுக்கிறேன். கொட்டேஷன், இன்வாய்ஸ், ரசீது வித்தியாசமெல்லாம் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். லாபத்தில் ஓடும் நிறுவனம் சம்பளம் போட ஏன் திணறுகிறது என்பதில்தான் சிக்கிக்கொண்டார்கள். கடனுக்கு விற்றாலும் அன்றைக்கே கணக்கில் வருமானம் ஏறிவிடும், பணம் 60 நாள் கழித்துத்தான் வரும், வாடகையும் சம்பளமும் அதுவரை காத்திருக்காது என்று சொன்னேன். சரி என்றார்கள். தேய்மானம் (வாங்கிய இயந்திரம் போன்றவற்றின் விலையை, அவை உழைக்கும் வருடங்களுக்குப் பிரித்துச் செலவாகக் கணக்கில் எழுதுவது) என்றதும் மறுபடி குழப்பம்: "செலவு என்கிறீர்கள், இந்த மாதம் பணம் எதுவும் வெளியே போகவில்லையே?" அருமையான கேள்வி!

கணக்குத் துறையில் இருப்பவர்கள், தொழில் நடத்துபவர்கள், வகுப்பில் செய்து பார்க்க ஒரு சின்னப் பயிற்சி சொல்லுங்களேன். அப்புறம், வேலையில் சேர்ந்த முதல் மாதம் 'இது முன்பே தெரிந்திருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியது எது? அதையும் எழுதுங்கள். அடுத்த வாரம் வகுப்பு.