ஜெர்மனி மாணவர் விடுதியில் குடியேறியதும் முதலில் கவனிக்க வேண்டியவை

கேள்வி:
அக்டோபரில் ஆகன் நகரில் முதுகலைப் படிப்பைத் தொடங்கவிருக்கிறேன். மாணவர் விடுதியில் ஓர் அறையும் கிடைத்துவிட்டது. சாவி கைக்கு வந்ததும் எவற்றை முதலில் முடிக்க வேண்டும் என்று அங்கு வசிப்பவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1:
வாழ்த்துகள். குடியேறிய 2 வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். அதற்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. நீங்கள் குடியேறியதை உறுதிசெய்து விடுதி நிர்வாகம் கையொப்பமிட்டுத் தரும் சான்றும் வேண்டும். வரி எண் இந்தப் பதிவுக்குப் பிறகே தபாலில் வரும் என்பதால், கதவிலும் தபால் பெட்டியிலும் உங்கள் பெயரை உடனே ஒட்டிவிடுங்கள். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும்.

பதில் 2:
அறையை உங்களிடம் ஒப்படைக்கும் படிவத்தில் சுவர்க் கீறல், மெத்தைக் கறை, இறுகிய ஜன்னல் கைப்பிடி என்று கண்ணில் பட்ட குறைகள் அனைத்தையும் எழுதச் சொல்லி, படமும் எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் வராமல் காப்பது அதுதான். குளிர்காலத்தில், சாம்பார் கொதித்த ஆவி அறையிலேயே தங்கினால் ஜன்னல் ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சை படரும். ஆகவே ஹீட்டரை அணைத்துவிட்டு, நாள்தோறும் சில முறை ஜன்னலை அகலத் திறந்து 5 நிமிடம் காற்றோட்டம் விடுங்கள்.

பதில் 3:
பொது வானொலி, தொலைக்காட்சிக்காகச் செலுத்தும் மாதாந்திர ஒலிபரப்புக் கட்டணம் 2021இல் 18.36 யூரோவாக உயர்ந்தது; அது வீட்டுக்கு ஒன்றுதான். பகிர்ந்து வாழும் வீடு என்றால், நீங்களும் தனியாகச் செலுத்த நேராமலிருக்க, ஏற்கெனவே செலுத்துபவரின் கட்டணக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.