தெருவில் நின்றதற்காகப் பிடிபடுவோருக்குத் தமிழ்த் துணை தேவை

வணக்கம் உறவுகளே. கொழும்பில் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனைப் பக்கம் இரவில் சும்மா நின்றதற்காகப் பிடிபடுவோருக்கென ஒருபக்கத் தமிழ்த் துண்டுப்பிரசுரம் தயாரிக்கிறோம். பெரும்பாலும் பாய்வது 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டம். குற்றச்செயலே இல்லாமல் ஆளின் தோற்றத்தை வைத்துப் பிடிக்க இடம் தரும் சட்டம் அது. பொலிஸுக்கு அவ்வளவு அதிகாரம் கூடாது என்பதே எங்கள் நிலைப்பாடு.

பிடிக்கும்போதே காரணம் சொல்ல வேண்டும், அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை அது. பிடியாணை இல்லையென்றால், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் விளங்காமலே கையெழுத்து வைக்கிறார்கள். "தண்டப்பணம் கொஞ்சம்தானே, கட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம்" என்று குற்றத்தையும் ஏற்கிறார்கள். அடுத்த முறை அந்தத் தீர்ப்பே எதிராக நிற்கும். பிடித்ததில் உரிமை மீறப்பட்டிருந்தால், உச்ச நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணைக் காலம் அந்த மாதத்தில் சேராது.

மாளிகாகந்த, புதுக்கடை நீதிமன்றங்களுக்குக் காலையில் வரக்கூடிய, இரு மொழியும் வாசிக்கத் தெரிந்தவர்கள் தேவை. பெயரை மறைத்த குற்றப்பத்திரப் பிரதிகளும் வேண்டும். வரைவைச் சரிபார்க்கச் சட்டத்தரணி எவராவது முன்வருவீர்களா? உட்பெட்டியில் எழுதுங்கள்.