இறுகிப்போன வில்லிஸ் ஜீப்: எஞ்சின், பிரேக், 6 வோல்ட் - எதில தொடங்குறது?

வாவிக்கரையான், கல்லடி

பழைய ஆமி ஜீப் ஒண்டு கைக்கு வந்திருக்கு. கிரில்லில 9 கீறு, சேசியின்ட முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய். நாலு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின், ஹெட் தட்டையா இருக்கு. கனகாலமாக் கொட்டிலுக்குள்ள நிண்ட சாமான்.

எஞ்சின் கிறுகுதே இல்ல, ஹேண்டில் போட்டு ரெண்டு பேர் அமத்தியும் அசையல்ல. பிரேக் பெடல் தரையோட போகுது. வயரெல்லாம் எலி கடிச்சுக் கிடக்கு, பெட்டரி இல்ல. டயர் நாலும் வெடிப்பு. சாரதி சீட்டுக்குக் கீழ, டேங்க் இருக்கிற பள்ளத்தில தகடு உதிருது.

கண்காட்சிக்கு இல்ல. மண்முனைப் பாலத்தால கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயலுக்குப் போய்வரக் காணும். ஆக்கள் ரெண்டு யோசனை சொல்றாங்க: பிளக் ஓட்டையால டீசல் ஊத்தி டிரக்டர்ல கட்டி இழுக்கிறது ஒண்டு, எஞ்சினைத் தூக்கிப்போட்டு ஜப்பான் டீசல் வைக்கிறது மற்றது. 12 வோல்ட்டுக்கு மாத்தலாமா எண்டும் குழப்பம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பழைய இரும்பு, சம்மாந்துறை

தம்பி, டிரக்டர்ல மட்டும் இழுத்துப்போடாதீங்க. ரிங் துருவோட சிலிண்டர்ல ஒட்டியிருக்கு. இழுத்தா ரிங் உடையும், பிஸ்டனின்ட கீழ்ச் சுவர் வெடிக்கும், சில நேரம் கொனெக்டிங் ரொட் வளையும். கிறுகின சந்தோசம் அரை மணித்தியாலம்தான்.

நீங்க சொல்ற அடையாளத்துக்கு அது வில்லிஸ் எம்.பி. மாடல்தான். அமெரிக்க ஆமிப் பதிவில இதுக்குப் பேர் கால் டன் ட்ரக். இதே சாமானை ஃபோர்டும் செய்தது, அதுக்கு ஜி.பி.டபிள்யூ. எண்டு பேர், அதில முன் குறுக்குச் சட்டம் உருண்டையில்ல, மடிச்ச தகடு. பாகங்கள் அநேகமா ஒண்டுக்கொண்டு பொருந்தும். எஞ்சின் நம்பர் ஒயில் ஃபில்டருக்குக் கீழ புளொக்கில அடிச்சிருக்கும். சுரண்டிப் பாத்து எழுதி வெச்சுக்கொள்ளுங்க, வாகனப் பதிவுப் புத்தகத்தோட ஒப்பிட வேணும்.

எஞ்சின்தான் இறுகியிருக்கு எண்டு முடிவு கட்ட முன்னம் ஸ்டார்ட்டரைக் கழட்டுங்க. ஸ்டார்ட்டரின்ட பென்டிக்ஸ் பல்லு ஃப்ளைவீல்ல சிக்கி நிண்டாலும் இதே மாதிரித்தான் இருக்கும். ஃபேன் பெல்ட்டையும் கழட்டி விட்டு ஒரிக்கா ஹேண்டில் போட்டுப் பாருங்க.

அதுக்குப் பிறகும் அசையாட்டி, பிளக் ஓட்டையால ஒண்டும் ஊத்த வேணாம். இது பக்க வால்வ் எஞ்சின். பிளக்குக்கு நேர் கீழ இருக்கிறது வால்வ் குழி, பிஸ்டன் இல்ல. ஊத்துறது வால்வ் பக்கமே தேங்கும். திறந்து நிக்கிற வால்வால மேனிஃபோல்டுக்குள்ள போயிரும். ஹெட்டையே கழட்டுங்க. ஹெட்டில வால்வும் இல்ல, ரொக்கரும் இல்ல. ஸ்டட்டுக்கு ரெண்டு நாளைக்கு முன்னமே துரு எண்ணெய் விட்டு வையுங்க. ஹெட் எழும்பாட்டி ஸ்க்ரூ டிரைவர் குத்தக்கூடாது, மர ஆப்புத்தான்.

ஹெட் எடுத்த பிறகு கவனிக்க வேண்டியது இது. 1-ம் 4-ம் ஒண்டாப் போகும், 2-ம் 3-ம் ஒண்டாப் போகும். ஒரு சோடி உச்சியிலயும் மற்றச் சோடி அடியிலயும் நிண்டா எந்தப் பிஸ்டனில அடிச்சும் பிரயோசனம் இல்ல, அடி நேராக் கிராங்குக்குத்தான் போகும். நடுவில நிண்டா மட்டும் கட்டை வெச்சுத் தட்டலாம். முதல்ல பிஸ்டனுக்கு மேல தெரியிற சிலிண்டர்ச் சுவர்த் துருவை, ஒயில் தொட்டு, பச்சைத் தேய்ப்பானால சுத்தமா எடுங்க. அதை எடுக்காமப் பிஸ்டனை மேல தள்ளினா ரிங் அந்தத் துரு வளையத்தில மாட்டி உடையும்.

பிறகு ஏ.டி.எஃப் (ஓட்டோ கியர்) ஒயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டர்லயும் விடுங்க. அசிட்டோன் ஆவியாப் போகும், அதால காலையும் மாலையும் மேல விடவேணும். பக்கத்தில வெல்டிங், பீடி ரெண்டும் கூடாது. நாலைஞ்சு நாளைக்குப் பிறகு வேம்போ தேக்கோ, வைரமான கட்டையைப் பிஸ்டன் அளவுக்கு வட்டமா வெட்டி (சிலிண்டர் 79.4 மி.மீ., கட்டை அதை விடக் கொஞ்சம் சின்னன்) மரச் சுத்தியலால தட்டுங்க. ஹேண்டில்ல முன்னுக்கும் பின்னுக்கும் நூல் நூலா அசைச்சுக் கொடுங்க. ஒரே பக்கம் அமத்தி வெல்லப் பாக்காதீங்க.

டீசல் எஞ்சின் கதையை விடுங்க. இந்த டி-84 கியர் பொக்ஸ் 60 குதிரை வலுவுக்குச் செய்தது. பாரமான டீசலின்ட இழுவைக்கு முதல்ல பல்லு போகும், பிறகு பின் அக்சில். அதுகளையும் மாத்தினா மிஞ்சிறது கிரில் மட்டும்தான்.


ஆறு வோல்ட், அக்கரைப்பற்று

6 வோல்ட் மங்கல், ஸ்டார்ட் எடுக்காது எண்டு ஆக்கள் சொல்றதுக்குக் காரணம் வோல்ட் இல்ல, வயர். அதே வலுவுக்கு 6 வோல்ட்டில ரெண்டு மடங்கு அம்பியர் ஓடும். கார் பெட்டரிக் கேபிளைப் போட்டா ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரயிக்குள்ள 4 வோல்ட்தான் இருக்கும். பெட்டரியில இருந்து காலால மிதிக்கிற ஸ்டார்ட்டர் சுவிச்சுக்கும், அங்கிருந்து மோட்டருக்கும் 50 சதுர மி.மீ. செப்புக் கேபிள் போடுங்க. நெகட்டிவ் ஏர்த், அதாவது பெட்டரியின்ட நெகட்டிவ் முனை சேசிக்கு. எஞ்சினுக்கும் சேசிக்கும் நடுவில தனியா ஒரு பின்னல் ஏர்த் பட்டி வேணும். ரெண்டு பக்கமும் பெயின்ற் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிய இறுக்கி, மேல கிரீஸ்.

ஆனா உங்கட தேவைக்கு நான் சொல்றது 12 வோல்ட். 6 வோல்ட் பெட்டரி இஞ்ச நினைச்ச நேரம் கிடைக்காது, வயலுக்குள்ள நிண்டா பக்கத்து வாகனத்தில ஜம்ப் எடுக்கவும் ஏலாது. ஸ்டார்ட்டர் மோட்டரை மாத்தத் தேவையில்ல, 6 வோல்ட் மோட்டர் 12-ல தாங்கும். நீட்டி அடிக்கக்கூடாது, அஞ்சு செக்கனுக்கு மேல மிதிக்காதீங்க. மாத்த வேண்டியது: கொயில் (ரெசிஸ்டர் இல்லாம ஓடுற 3 ஓம் கொயில்), பல்ப் எல்லாம், டைனமோவுக்குப் பதிலா ஒத்தை வயர் ஓல்டர்னேட்டர். பெற்றோல் கேஜை அப்பிடியே 12-ல குடுத்தா எரியும், அதுக்கு மட்டும் வோல்ட் குறைக்கிற ரெகுலேட்டர் ஒண்டு. கழட்டின டைனமோ, ரெகுலேட்டரை எறியாம வையுங்க.

பற்றவைப்பு அளவு வோல்ட் மாறினாலும் மாறாது. பொயின்ட் இடைவெளி 20 தௌ (ஒரு தௌ எண்டா அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு), பிளக் 30 தௌ, வரிசை 1-3-4-2, ரோட்டர் இடஞ்சுழியாச் சுத்தும். கொண்டென்சர் பழசு எண்டா யோசிக்காம மாத்துங்க. சூடானதும் நிண்டு, ஆறினதும் திரும்ப எடுக்கிற எஞ்சினுக்குப் பாதி நேரம் அதுதான் காரணம். பெற்றோல்ல பிழை தேடி நாள் போகும்.


களுவாஞ்சி கராஜ்

பிரேக்கும் சில்லும் நான் சொல்றன். எஞ்சின் ஓட முன்னம் இது முடிய வேணும். ஓடத் தொடங்கிட்டா ஒருத்தரும் பிரேக் பாக்க மாட்டாங்க.

முதல்ல சில்லு நட். இடப்பக்கச் சில்லு ரெண்டிலயும் புரி எதிர்ப்பக்கம். தெரியாம நீட்டுக் குழாய் போட்டு வழமையான பக்கம் கிறுக்கினா இன்னும் இறுகி ஸ்டட் முறியும்.

ரிம்மைப் பாருங்க. ரெண்டு பாதியை நட் போட்டு இணைச்ச ரிம்மா இருந்தா, வால்வ் ஊசியைக் கழட்டிக் காத்து முழுக்கப் போன பிறகுதான் அந்த நட்டில கை வைக்க வேணும். காத்தோட கழட்டினா மேல் பாதி முகத்துக்கு வரும், ஆள் தப்பாது. டயர்க் கடைப் பொடியனுக்கு இது தெரியாம இருக்கலாம், நீங்களே பக்கத்தில நிண்டு சொல்லுங்க.

டயர் அளவு 6.00-16. எங்கட பக்கம் இந்த அளவு டிரக்டர் முன் டயர் தாராளமாக் கிடைக்கும், மெஸி 135-க்குப் போடுற அதே அளவு. ரிம்மில நல்லாப் பொருந்தும், அதாலதான் ஆக்கள் ஏமாறுறாங்க. அது மணிக்கு 30, 40 கிலோமீற்றருக்குச் செய்த டயர். மேல வரி மட்டும்தான் இருக்கும், பிரேக் பிடிக்கிற பூ இல்ல. மெயின் ரோட்டில மழைக்கு வழுக்கும். லைட் ட்ரக் டயர்தான் எடுங்க, காத்து 30 முதல் 35 பி.எஸ்.ஐ.

பிரேக் ஒத்தைச் சுற்று. ஒரு இடத்தில ஒழுகினா நாலு சில்லும் இல்ல. மாஸ்டர் சிலிண்டர் 1 அங்குலம், முன் சில்லுச் சிலிண்டர் 1 அங்குலம், பின் முக்கால் அங்குலம். முன்னுக்குள்ளதைப் பின்னுக்குப் போட்டா பின் சில்லு முதல்ல பூட்டிப் பக்கவாட்டில சறுக்கும். உள்ளுக்குக் குழி விழுந்திருந்தா கப் மட்டும் மாத்தி வேலையில்ல. முழுசா மாத்துங்க, இல்லாட்டி லேத்தில பித்தளைச் சிலீவ் போடுங்க. றப்பர் ஹோஸ் வெளியில நல்லாத் தெரிஞ்சாலும் உள்ளுக்கு ஊதி அடைச்சிருக்கும்: மிதிச்சாப் பிடிக்கும், விட்டா விடாது. எல்லா ஹோஸையும் மாத்துங்க. இரும்புப் பைப்பும் கடற்காத்தில சாம்பலாயிருக்கும், செப்பு-நிக்கல் பைப் போட்டா நீங்க இருக்கிற இடத்துக்கு நல்லம். பிரேக் ஒயில் டொட் 3 இல்லாட்டி டொட் 4. காத்து எடுக்கிறது தூரத்தில இருந்து: பின் வலம், பின் இடம், முன் வலம், முன் இடம். பெடல்ல அரை அங்குலம் சும்மா ஆட்டம் இருக்க வேணும். இல்லாட்டி மாஸ்டர்ல திரும்பிற ஓட்டை மூடி, ஓட ஓடப் பிரேக் தானாப் பிடிச்சுச் சூடாகும்.

கைப் பிரேக் சில்லில இல்ல, ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் அக்சிலுக்கு இழுவையைப் பிரிக்கிற பெட்டி) பின்னால இருக்கிற டிரம்மில. அந்த ஒயில் சீல் ஒழுகினாக் கைப் பிரேக் இல்லை. சீலை மாத்தாம லைனிங் மாத்திக் காசை வீணாக்காதீங்க.


வாவிக்கரையான், கல்லடி

பழைய இரும்பு நானா சொன்ன மாதிரி ஸ்டார்ட்டர் கழட்டிப் பாத்தன், அது காரணமில்ல. ஹெட் எடுத்து ஊறப்போட்டது, இப்ப ஹேண்டில்ல முழுச் சுத்து கிறுகுது. 2-லயும் 3-லயும் துரு வளையத் தடம் தெரியுது, நகத்தில லேசாத் தட்டுப்படுது. வால்வ் ரெண்டு மேல எழும்பினபடியே நிக்குது, கீழ இறங்குதில்ல. இப்பிடியே கிறுக்கினா வளையுமா? ஒயிலை மாத்திப்போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?


பழைய இரும்பு, சம்மாந்துறை

வளையாது. பிஸ்டன் ஒரு வழி, வால்வ் இன்னொரு வழி, ரெண்டும் முட்டாது. மேனிஃபோல்டுக்குக் கீழ இருக்கிற டப்பெட் (வால்வைத் தூக்கிற உறுப்பு) மூடியைக் கழட்டி, வால்வ் தண்டு கைடுக்குள்ள போற இடத்தில அதே கலவையை விடுங்க. மேலால மரக்கட்டை வெச்சு மெதுவாத் தட்டி இறக்குங்க, ஹேண்டிலைக் கிறுக்கித் திரும்ப எழுப்புங்க, திரும்பத் தட்டுங்க. தன்பாட்டில ஸ்பிரிங் இழுத்து மூடுற வரைக்கும் இதுதான் வேலை. மறுகா டப்பெட் இடைவெளி 14 தௌ, குளிர்ந்த எஞ்சினில.

நகத்தில தட்டுப்படுற தடத்துக்கு லேத்காரரிட்ட அளவெடுங்க. மேலுக்கும் கீழுக்கும் 10 தௌவுக்குள்ள வித்தியாசம் எண்டா ஹோன் அடிச்சுப் புது ரிங் போட்டு ஓடலாம், கொஞ்சம் புகைக்கும். கூடினாப் போர் பண்ணி ஓவர் சைஸ் பிஸ்டன். வயலுக்குப் போற வண்டிக்கு முதலாவது காணும்.

ஸ்டார்ட்டுக்கு அவசரப்படாதீங்க. முதல்ல சம்ப் (எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஒயில் தட்டு) கழட்டிச் சேற்றை வழிச்செடுங்க, ஒயில் உறிஞ்சிற வலையைக் கழுவுங்க. இந்த எஞ்சினில ஒயில் பம்ப் கனகாலம் நிண்டாக் காய்ஞ்சு போகும், தானா உறிஞ்சாது. பம்பைக் கழட்டி உள்ளுக்கு வாஸலின் அடைச்சுப் பூட்டுங்க. ஒண்டு ஞாபகம்: டிஸ்ரிபியூட்டரைச் சுத்துறதே அந்தப் பம்ப் தண்டுதான். கழட்ட முன்னம் 1-ம் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்து ரோட்டர் நிக்கிற இடத்தைக் குறிங்க. இல்லாட்டிப் பூட்டின பிறகு பற்றவைப்பு எங்கயோ நிக்கும். சரியான குறி ஃப்ளைவீல்ல இருக்கு, உச்சிக்கு 5 பாகை முன்னால.

எஞ்சின் ஒயில் எஸ்.ஏ.ஈ. 30, ஃபில்டரோட 4.7 லீற்றர். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால கிறுக்கி, கேஜில அழுத்தம் எழும்பினாப் பிறகுதான் பிளக். ஓடயிக்குள்ள 30 பி.எஸ்.ஐ.க்கு மேல, சூட்டோட ஐடிலில 10-க்குக் குறையாம நிக்க வேணும். ஹெட் நட் 65 ராத்தல்-அடி, நடுவில இருந்து வெளிப்பக்கமா, மூண்டு தரத்தில. ஒரிக்கா சூடாக்கி ஆறவிட்டுத் திரும்ப அதே அளவு.

ஹெட் திறந்திருக்கிற நேரத்திலயே தண்ணி வழியைப் பாருங்க. 4-ம் சிலிண்டருக்குப் பின்னால சேறு கட்டியிருக்கும், கம்பியால குத்தி ஹோஸ் போட்டு அடியுங்க. அது அடைச்சிருந்தா ரேடியேட்டர் புதுசா இருந்தாலும் பின் சிலிண்டர் கொதிக்கும். கல்லடிக் கிணத்துத் தண்ணி உவர், ஊத்த வேணாம். டிஸ்ரில் தண்ணியும் கூலன்ற்றும் சேத்து 10.4 லீற்றர். பெற்றோல் 92 தாராளம், அழுத்த விகிதம் 6.48 தான்.


ஆறு வோல்ட், அக்கரைப்பற்று

பெற்றோல் பம்ப் டயஃபிரத்தையும் மாத்துங்க. பழசு கிழிஞ்சிருந்தாப் பெற்றோல் சம்புக்குள்ள இறங்கும். டிப் ஸ்டிக்கில ஒயில் கூடிக்கொண்டு போனா, மணந்து பாருங்க.


வெண்கட்டி, மருதமுனை

தகட்டு வேலைக்கு ரெண்டு சொல்லு. தரைக்குக் கீழ தொப்பி வடிவச் சட்டங்களுக்குள்ள மரக்கட்டை வெச்சிருக்கும். உப்பும் ஈரமும் அதுக்குள்ளதான் குடியிருக்கும். மேல் தகட்டை மட்டும் ஒட்டு வெச்சா அடுத்த மாரிக்குத் திரும்ப வெடிக்கும். சட்டத்தை வெட்டி எடுத்து, 1.2 மி.மீ. தகட்டில புதுசாச் செய்து, நீர் வடிய 10 மி.மீ. ஓட்டை விட்டு, உள்ளுக்கு மெழுகு அடியுங்க. வண்டி 2004 சுனாமிக் கடல்தண்ணிக்குள்ள நிண்டது எண்டா சேசியை நல்ல தண்ணியால பல தரம் அடிச்சுக் கழுவாமப் பெயின்ற்றைத் தொடாதீங்க. டேங்கில ஒருநாளும் வெல்டிங் பிடிக்க வேணாம், காலியா இருந்தாலும் வெடிக்கும்.

பெயின்ற் அடிக்கிறது கச்சான் காலத்தில விடியப்புறமா. பத்து மணிக்குப் பிறகு காத்து மணலைத் தூக்கும், வாடைக் காலத்தில ஈரம் பிடிச்சு வெளுக்கும். பச்சை அடிச்சாலும் ஆமி நம்பர், சின்னம் ஒண்டும் எழுதாதீங்க, வீண் விசாரணை. எஞ்சின் நம்பரோ நிறமோ புத்தகத்தோட ஒத்து வராட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில திருத்த வேணும். பெயின்ற்றுக்கு முதல் செய்யுங்க.


வாவிக்கரையான், கல்லடி

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்டு: கியர் பொக்ஸில ஒயில் வாய்வரைக்கும் நிறைஞ்சிருக்கு, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் காய்ஞ்சு கிடக்கு. ஆரும் பிழையா ஊத்தினதா?


பழைய இரும்பு, சம்மாந்துறை

ஊத்தினதில்ல தம்பி. ரெண்டுக்கும் நடுவில இருக்கிற பெயரிங்கால ஒயில் ஒரு பக்கத்தில இருந்து மற்றப் பக்கம் போகும், இந்த வண்டிக்கு அது பழைய வருத்தம். மூச்சு விடுற துளை அடைச்சிருந்தா இன்னும் கூடும், அதைக் குத்தி விடுங்க. ரெண்டையும் வடிச்சு, கியர் பொக்ஸுக்கு 0.7 லீற்றர், ட்ரான்ஸ்ஃபருக்கு 1.4, அக்சில் ஒவ்வொண்டுக்கும் 1.2. எல்லாம் 90 ஒயில். கியர் பொக்ஸுக்கு ஜி.எல்-4 எண்டு பாத்து வாங்குங்க, ஜி.எல்-5 உள்ளுக்கிருக்கிற பித்தளை வளையத்தைத் தின்னும். வடிக்கிற ஒயில் பால் நிறமா வந்தாத் தண்ணி போயிருக்கு. மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவிப்போட்டு நிரப்புங்க. மாசத்துக்கு ஒரிக்கா ரெண்டு மட்டத்தையும் பாத்தாக் காணும்.